சூட்டு உடம்பு

மார்ச் 4, செவ்வாய்

இன்று லேபில் மூன்று கேப், ஒரு முழுப் பல் செட். செட் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவருக்கு. முன்பல் பழையபடி கொஞ்சம் கோணலாகவே இருக்கட்டும், இல்லாவிட்டால் பேத்திக்கு அடையாளம் தெரியாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார். நேராக வைப்பது சுலபம். கோணலைச் சரியாக வைப்பதுதான் கஷ்டம். மெழுகில் பல்லை நட்டு, தள்ளி நின்று பார்த்து, மறுபடி ஒரு நூல் திருப்பி... அப்போது மூக்கிலிருந்து ரத்தம் சொட்டிவிட்டது. நீதிபதியின் மேல்தாடை மேலேயே. பஞ்சை அடைத்துக்கொண்டு அண்ணாந்து உட்கார்ந்தேன். கால் மணி நேரம் போயிற்று.

முதலாளி எட்டிப் பார்த்தார். "இன்னிக்குமா? பல்லுக்கு ரோஸ் கலர் யாரும் கேக்கலையே." கெட்டவர் இல்லை. வாய்தான்.

சாயங்காலம் தம்பி போன் செய்தான். கடைவாய்ப்பல் உயிர் போகிறதாம். டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் பல்லுக்குள் மணி அடிக்கிறதாம். "நீதான் ஊர்ப் பல்லையெல்லாம் செஞ்சு தர்றியே, எனக்கு ஒரு நல்ல டாக்டரா சொல்லுக்கா" என்றான். சொன்னேன்.

மார்ச் 8, சனி

தம்பிக்குத் துணையாக நானும் போனேன். பத்து வருடமாக எங்கள் லேபுக்கு வேலை அனுப்பும் டாக்டர். கை சுத்தம், பேச்சு தன்மை. நாற்காலியில் உட்கார்ந்ததும் முப்பத்தாறு வயது ஆள் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

டாக்டர் வழக்கம்போல் கேட்டார்: "சர்க்கரை, பிரஷர், ரத்தம் நிக்கறதுல ஏதாவது தொந்தரவு?" தம்பி இல்லையென்று தலையாட்டினான். நான் சும்மா இருக்காமல், "எங்க வம்சமே சூட்டு உடம்பு டாக்டர். மூக்கு மட்டும் குழாய் மாதிரி ஒழுகும். எங்கப்பா கர்சீப் வாங்கியே ஏழையானவர்" என்றேன். மூன்று பேரும் சிரித்தோம்.

பல் முழுசாக வந்துவிட்டது. வேர் மூன்றும் அழகு.

மார்ச் 9, ஞாயிறு

கன்னம் வீங்கியிருக்கிறதாம். கஞ்சிதான். தம்பி மகள் குருவி தன் அப்பாவுக்கு ஸ்ட்ரா போட்டுக் கொடுத்தாளாம். ஒன்பது வயதுக்கு அவளுக்கு அக்கறை ஜாஸ்தி.

மார்ச் 26, புதன்

தம்பிக்கு நாலு நாளாகத் தலைவலி. வெயில் என்கிறான். இன்று வண்டியில் ஒரு பெண்ணிடம் "லெஃப்ட் எடு" என்று சொல்லிவிட்டு, அவள் இடது பக்கம் திருப்பியதும் ஏன் திருப்பினாய் என்று சத்தம் போட்டானாம். வலது பக்கம் என்று சொன்னதாகவே அவன் நினைப்பு. "கவனம் இல்ல அண்ணி. தூக்கமும் இல்ல" என்று தம்பி மனைவி சொன்னாள். துணிக்கடையில் பில் போடுகிறவள். எட்டு மணி நேரம் நின்று வந்தவளிடம் நான் என்ன பெரிதாகக் கேட்பது? கண் டாக்டரைப் பார்க்கச் சொன்னேன்.

(பிறகு சேர்த்தது: கண் டாக்டராம்!)

மார்ச் 30, ஞாயிறு

காலைச் சாப்பாட்டில் வலிப்பு வந்துவிட்டது. முட்டையை உரித்துக் குருவிக்கு நீட்டியவன் நீட்டிய கையோடு சாய்ந்தான் என்கிறாள் தம்பி மனைவி. ஆஸ்பத்திரியில் இருக்கிறோம். மூளைக்குள் சீழ் கட்டியிருக்கிறதாம். எலுமிச்சை அளவு. மண்டையில் துளை போட்டு எடுக்கிறார்கள். இதற்கு மேல் எழுத வரவில்லை.

மார்ச் 31, திங்கள்

உயிர் இருக்கிறது.

ஏப்ரல் 2, புதன்

பெரிய கண்ணாடி போட்ட டாக்டரம்மா ஒருத்தி வந்தாள். என்னைவிடப் பத்து வயது சின்னவள் இருப்பாள். தம்பியின் கீழுதட்டைப் புரட்டிப் பார்த்தாள். விரல் நுனிகளைப் பார்த்தாள். சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். எனக்கு நினைவு தெரிந்த நாளாக இருப்பவைதான். கொசுக்கடி என்பாள் அம்மா.

"இவருக்கு மூக்குல ரத்தம் வருமா?"

"சின்ன வயசுலேர்ந்து."

"நீங்க கூடப் பொறந்தவங்களா? நாக்கை நீட்டுங்க."

நாற்பத்தொரு வயதில், நாலு பேர் போய்வரும் நடையில், நாக்கை நீட்டிக்கொண்டு நின்றேன்.

"அப்பா அம்மா இருக்காங்களா?"

"அம்மா இருக்காங்க. அப்பா நாப்பத்துநாலு வயசுல பக்கவாதம் வந்து போயிட்டாரு."

"அவருக்கும் மூக்குல வருமா?"

எனக்கு அப்பாவின் கர்சீப்கள் நினைவுக்கு வந்தன. அவளே எழுதிக்கொண்டாள்.

பரம்பரை நோய். பெயர் அரை முழம் நீளம். ரத்தக்குழாய்கள் சில இடங்களில் தாறுமாறாகப் பின்னிக்கொள்ளும் நோய் என்று நான் எழுதிவைத்தேன். மூக்கில் பின்னினால் மூக்கில் ரத்தம். அது மட்டும் என்றால் பிழைத்தோம். நுரையீரல், ஈரல், மூளை, எங்கு வேண்டுமானாலும் இருக்கலாமாம். "நுரையீரல் ஒரு சல்லடை மாதிரிங்க. ரத்தத்துல வர்ற கிருமியை, கட்டியை எல்லாம் பிடிச்சு வெச்சுக்கும். உங்க தம்பிக்கு அந்தச் சல்லடைல பெரிய ஓட்டை இருக்கு. வாயிலேர்ந்து உள்ள போன கிருமி, தடுக்க ஆள் இல்லாம நேரா மூளைக்குப் போயிருக்கு."

"வாயிலேர்ந்துன்னா?"

"சமீபத்துல பல்லு ஏதாவது எடுத்தாரா?"

ஏப்ரல் 3, வியாழன்

நான்தானே கூட்டிட்டுப் போனேன்.

டாக்டர் கேட்டாரே. ரத்தத்துல தொந்தரவு உண்டான்னு கேட்டாரே. நான் என்ன பண்ணேன்? ஜோக் அடிச்சேன். பல்லைப் பிடுங்கறதுக்கு முன்னாடி ஒரு வேளை மாத்திரை போட்டிருந்தா இது வந்திருக்காதான்னு அந்தக் கண்ணாடி டாக்டர்கிட்ட கேட்டேன். "வராம இருந்திருக்கலாம். ஆனா யாருக்கும் தெரியாதே" என்றாள். தெரியாதா? முப்பது வருஷமா மூணு பேரு மூக்குலயும் ரத்தம் கொட்டுது, தெரியாதாம்.

ஏப்ரல் 5, சனி

அம்மாவிடம் சொன்னேன். ரொம்ப நேரம் புடவைத் தலைப்பை நீவிக்கொண்டே இருந்தாள். "வெந்தயம் ஊறவெச்சுக் குடுத்தேன். தலைக்கு எண்ணெ வெச்சேன். பாவி மனுஷன், சூடுன்னுதானேடி சொன்னாரு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "வெத ஒண்ணு போட்டா சுரை ஒண்ணா முளைக்கும்?" என்றாள். அப்பாவைத் திட்டுகிறாளா, எங்களுக்காக அழுகிறாளா, தெரியவில்லை.

ஏப்ரல் 19, சனி

தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான். வலது கை தொங்குகிறது. பேச்சு போய்விட்டது. ஒரே ஒரு வார்த்தை மட்டும் மிஞ்சியிருக்கிறது: "கிளட்ச்."

தண்ணீர் வேண்டுமென்றாலும் கிளட்ச். ஜன்னலைச் சாத்து என்றாலும் கிளட்ச். ஆனால் நாம் சொல்வதெல்லாம் புரிகிறது. தப்பான வார்த்தை வருகிறது என்பதும் புரிகிறது, அதுதான் கொடுமை. சொல்லிவிட்டு, இல்லை இல்லை என்று இடது கையை ஆட்டுகிறான். மறுபடி வாயைத் திறந்தால் மறுபடி அதே.

குருவி மட்டும் அசரவில்லை. "அப்பா, கோவமா சொன்னா பசி. மெதுவா சொன்னா பாத்ரூம்" என்று எனக்கு வகுப்பு எடுத்தாள். அவன் சிரித்துவிட்டான். சிரிப்பு பழைய சிரிப்புதான்.

ஏப்ரல் 28, திங்கள்

தம்பி மனைவியிடம் சொல்லிவிட்டேன். டாக்டர் கேட்டது, நான் சொன்ன ஜோக், எல்லாம். சொல்லாமல் இருந்திருக்கலாம். மனசில் இருப்பதை இறக்கி வைக்க வேண்டும் என்று பெயர் சொல்லிக்கொண்டு அவள் தலையில் கொண்டுபோய் வைத்தேன்.

அவள் பாத்திரம் கழுவுவதை நிறுத்தவில்லை. "சரி அண்ணி" என்றாள். அப்புறம், திரும்பாமலே: "குருவிக்கும் ரத்தம் எடுத்துப் பாக்கணும்னு அந்த டாக்டரம்மா சொல்றாங்க. நீங்களும் அதையே சொல்லத்தான் வந்திருக்கீங்க. வேணாம். தெரிஞ்சு என்ன கிழிக்கப்போறோம்? உங்க குடும்பத்து சீதனம் எனக்கு இதுவரைக்கும் வந்தது போதும்."

குருவிக்கும் இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்று சொல்ல வாயெடுத்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

மே 12, திங்கள்

எனக்கும் சோதனை. கையில் ஊசி போட்டு, நுரைத்த உப்புத் தண்ணீரை ரத்தத்துக்குள் விடுகிறார்கள். திரையில் இதயம் தெரிகிறது. குமிழ்கள் வலது பக்கம் வரும். நுரையீரல் நல்லபடி இருந்தால் அங்கேயே உடைந்துவிடும், இடது பக்கம் வராது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இடது பக்கத்தையே பார்த்தேன். ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குள் வெள்ளையாகப் பொங்கி வந்துவிட்டன.

எனக்கும் ஓட்டை. மூன்று.

மே 20, செவ்வாய்

தேதி குறித்தாகிவிட்டது. தொடை வழியாகக் கம்பி விட்டு, நுரையீரலில் ஓட்டை இருக்கும் குழாய்களுக்குச் சின்ன உலோகத் தக்கை வைப்பார்கள். இதைச் செய்யும் டாக்டர் வெளியூரிலிருந்து மாதம் ஒருமுறை, மூன்றாவது திங்கட்கிழமைதான் வருவார். மூளைக் கிருமி முழுக்க அடங்கட்டும் என்று தம்பிக்கு இத்தனை நாள் மருந்து கொடுத்துக் காத்திருந்தார்கள். அவனுக்கு ஜூன் 16. எனக்கு ஜூலை.

அவனிடம் சொன்னபோது இடது கைக் கட்டைவிரலை உயர்த்தினான். "கிளட்ச்" என்றான். சரி என்று அர்த்தம். சந்தேகமே இல்லை.

ஜூன் 11, புதன்

தம்பி போய்விட்டான்.

காலையில் தம்பி மனைவி சட்டை போட்டுவிட்டுக்கொண்டிருந்தாளாம். இருமினானாம். சும்மா இருமல்தான். இரண்டாவது இருமலில் ரத்தம். சுவர், சட்டை, அவள் கை. நுரையீரலில் பின்னியிருந்த பெரிய குழாய் வெடித்துவிட்டது. ஆம்புலன்ஸ் மாடிப்படி ஏறுவதற்குள் முடிந்துவிட்டது.

அஞ்சு நாள். இன்னும் அஞ்சே நாள்.

ஜூன் 13, வெள்ளி

எல்லாம் முடிந்தது. டிரைவிங் ஸ்கூலில் அவனிடம் கற்றுக்கொண்டவர்கள் முப்பது பேருக்கு மேல் வந்திருந்தார்கள். ஒரு அம்மாள் சொன்னாள்: "அஞ்சு தடவை ஃபெயில் ஆனேன்மா. ஆறாவது தடவை நான் பாஸானப்போ என்னைவிட உங்க தம்பிதான் அதிகமா அழுதாரு."

மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். கண்ணாடி டாக்டர். வருத்தம் சொன்னாள். பிறகு தயங்கித் தயங்கி: "திங்கக்கிழமை அந்த எடம் காலியா இருக்கு. நீங்க வர்றீங்களா?"

அந்த எடம்.

முடியாது என்று வைத்துவிட்டேன். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. எழுந்து வந்து என் கன்னத்தில் ஒன்று வைத்தாள். அறைதான். ஸ்கூல் படித்த நாளிலும் வாங்காத அறை. "போடி. ஒண்ணாவது எனக்கு மிஞ்சட்டும்" என்றாள்.

நானே திரும்ப போன் செய்தேன்.

ஜூன் 16, திங்கள்

தக்கை வைத்தார்கள். மயக்க மருந்து இல்லை; முழித்துக்கொண்டே படுத்திருந்தேன். கால்மாட்டில் தொங்கிய அட்டையில் வேறொரு பெயரை அடித்து என் பெயரை எழுதியிருந்தார்கள். அடித்த கோட்டுக்கு அடியில் படிக்க முடிந்தது. டாக்டர் "வலிக்குதா?" என்று கேட்டார். நான் எதற்கு அழுகிறேன் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

வெளியே வந்தால் மூச்சு முன்னைவிட லேசாக இருக்கிறது. அதுதான் தாங்கவில்லை.

ஜூன் 29, ஞாயிறு

தம்பி மனைவி போனை எடுக்கவில்லை. நேற்றும் எடுக்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

காலையில் லேபுக்குக் குருவி போன் செய்தாள், பள்ளிக்கூட ஆபீஸ் போனிலிருந்து. "அத்தை, இன்னிக்கு ஸ்கூல்ல பல் கேம்ப். எனக்குப் பின்னாடி ஒரு பல் சொத்தை இருக்குல்ல, அதை எடுக்கப்போறாங்களாம். அம்மா ஃபாரத்தைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டாங்க. வலிக்குமா?"

கையிலிருந்த மெழுகுக் கத்தியை எங்கே போட்டேன் என்று தெரியாது. பஸ்ஸில் நின்றுகொண்டே தம்பி மனைவிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் இறங்கி ஓடினேன். கூடத்துக்குள் நுழையும்போது மூக்கு உடைந்துவிட்டது. இதுவரை வந்ததிலேயே பெரியது. நூறு பிள்ளைகள் வரிசையில் நிற்க, நான் முகம், கழுத்து, சட்டையெல்லாம் சிவப்பாக, "அந்தப் பொண்ணைத் தொடாதீங்க!" என்று கத்திக்கொண்டு போனேன். சின்னதுகள் அலறின. ஒரு டீச்சர் என்னைப் பிடித்துத் தள்ளப் பார்த்தாள்.

கேம்ப் டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். தம்பிக்குப் பல் எடுத்த அதே டாக்டர்.

குருவி நாற்காலியில் இல்லை. சுவரோரம் ஒரு பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

"உங்க தம்பிக்கு அப்புறம் இப்பல்லாம் ஒவ்வொரு குழந்தைகிட்டயும் கேக்கறேன்மா, வீட்ல யாருக்காவது மூக்குல ரத்தம் வருமான்னு" என்றார். கையுறையைக் கழற்றினார். "இந்தப் பொண்ணு எங்க வீட்ல எல்லாருக்கும் வரும்னு சொல்லிச்சு. யாருன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுபோச்சு. தொடல. அவங்கம்மாவுக்குச் சொல்லியனுப்பியிருக்கேன்."

பஞ்சு கொடுத்தார். அண்ணாந்து பார்க்காதீங்க, முன்னால குனிஞ்சு மூக்கைப் பிடிங்க என்றார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

தம்பி மனைவி வந்தாள். கடை அடையாள அட்டை கழுத்தில் தொங்க, செருப்பு ஒன்று அறுந்து கையில். என்னைப் பார்த்தாள், சட்டையைப் பார்த்தாள். என்ன சொல்வாளோ என்று நின்றேன். குருவி நடுவில் புகுந்து, "அம்மா, அத்தைக்கு ரொம்ப வந்துடுச்சு. அப்பாவுக்கு வந்த மாதிரி இல்லல்ல?" என்றாள்.

தம்பி மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வாரத்தில் அவள் அழுது நான் பார்த்ததில்லை. அங்கே, அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால், வாயைத் திறந்து அழுதாள்.

ஜூலை 23, புதன்

லேபுக்குப் போகவில்லை. முதலாளி போனில், "பல்லு எங்கயும் ஓடாது, படு" என்றார்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

குருவிக்கு ரத்தம் எடுத்தார்கள். அவள் அம்மாதான் கூட்டிக்கொண்டு வந்தாள். என்னையும் வரச் சொன்னாள். "வாங்க" என்று மட்டும், பஸ் நம்பரோடு. காத்திருந்த ஒரு மணி நேரத்தில் என்னிடம் ஒரே ஒரு வாக்கியம் பேசினாள்: "அன்னிக்கு டாக்டர் உங்ககிட்ட கேட்டாரு. எங்கிட்ட யாராவது கேட்டிருந்தா, நானும் சூடுன்னுதான் சொல்லியிருப்பேன்."

மன்னிப்பு இல்லை அது. ஆனாலும் வீடு வரைக்கும் அதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 9, செவ்வாய்

குருவிக்கு இருக்கிறது.

குமிழ்ச் சோதனையும் செய்தார்கள். இடது பக்கம் ஒரு குமிழ்கூட வரவில்லை. நுரையீரல் இப்போதைக்குச் சுத்தம். மூளையும் சுத்தம். "இப்போதைக்கு" என்று கண்ணாடி டாக்டர் இரண்டு தடவை சொன்னாள். வயது ஏற ஏற வரலாம். சில வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். பல்லில் கை வைக்குமுன் மாத்திரை. ஊசி வழியாகக் காற்று ஒரு துளி உள்ளே போகக் கூடாது. என்றாவது குழந்தை பெற்றுக்கொள்ள நினைத்தால் அதற்கு முன்பே வந்து சொல்ல வேண்டும். ஒன்பது வயதுப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவளுக்குப் பிறக்கப்போகும் குழந்தையைப் பற்றிப் பேசினோம். அவள் நாற்காலியைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அம்மாவிடம் போனில் சொன்னேன். "ம்" என்றாள். வைத்துவிட்டாள்.

அக்டோபர் 18, சனி

மதியம் தம்பி மனைவி போன். "அண்ணி, வந்துடுச்சு." எது என்று நான் கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் போய்விட்டேன்.

குருவிக்கு முதல் தடவை. சமையலறை ஸ்டூலில் முன்னால் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவள் அம்மா ஒரு கையால் அவள் மூக்கை அழுத்திப் பிடித்து, இன்னொரு கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சரியாகத்தான் பிடித்திருந்தாள்; எலும்புக்குக் கீழே, மெத்தென்று இருக்கும் இடத்தில். நான் செய்ய ஒன்றுமில்லை. பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

ரத்தம் நின்றதும் குருவி முகத்தைக் கழுவிக்கொண்டு ஒரு புது நோட்டை எடுத்து வந்தாள். எப்போது வருகிறது, எத்தனை நிமிடம் என்று எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறாள் டாக்டரம்மா. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டாள். தேதி. யாருக்கு. நிமிடம்.

"நான், எட்டு" என்று எழுதினாள். "அத்தை, உங்களுக்கு இன்னிக்கு வந்துச்சா?"

"காலைல."

"எத்தனை?"

"பதினொண்ணு."

எழுதிக்கொண்டாள். பென்சிலைக் கடித்தபடி கொஞ்சம் யோசித்தாள். "அப்பாவுக்கு எத்தனை நிமிஷம் வரும்?"

நான் தம்பி மனைவியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். முப்பத்தாறு வருடத்தில் நாங்கள் யாரும் எண்ணியதில்லை.

குருவி அதற்குள் மூன்றாவது வரியில் "அப்பா" என்று எழுதிவிட்டு, நிமிடக் கட்டத்தின் மேல் பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

"அது காலியாவே இருக்கட்டும்டா" என்றாள் அவள் அம்மா. "அடுத்த வரிக்கு வா."

அடுத்த வரியில் நாளைய தேதியைப் போட்டு வைத்தாள்.